அம்மா மேலே... நான் கீழே! - 12,000 அடி உயரப் புல்வெளியில் ஒரு நடை

"இத்தனை புல்லு கெடக்குது... ஒரு மாட்டையும் காணமே கண்ணு?"

காடு முடிந்து வெட்டவெளிக்கு வந்து நின்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். எதிரே பந்தர்பூஞ்ச், காலாநாக், ஸ்ரீகண்ட் என்று ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய பனிச்சிகரங்கள் காலை வெயிலில் வெள்ளித்தட்டு மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. அதைக் காட்டத்தான் அவரை உடுமலைப்பேட்டையிலிருந்து விமானம், ரயில், ஜீப் என்று மாற்றி மாற்றி அழைத்து வந்திருந்தேன். அவரோ குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி, விரலால் கசக்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் நின்றிருந்த இடம் தயாரா புக்யால். உத்தரகண்ட் மாநிலம், உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது. 'புக்யால்' என்றால் கார்வாலி மொழியில் மலைமேல் இருக்கும் மேய்ச்சல் புல்வெளி. இமயமலையில் ஓர் உயரத்துக்கு மேல் மரம் வளராது, குளிர் விடாது. அதற்கும் மேலே போனால் பனிதான். இந்த இரண்டுக்கும் நடுவே, மலை முகடுகளில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி கிடப்பவைதான் புக்யால்கள். தயாராவின் பரப்பு சுமார் 28 சதுர கிலோமீட்டர் என்று சொல்வது வழக்கம். நாங்கள் போனது அக்டோபர் மாதம் என்பதால் பச்சை போய், அறுவடைக்கு நிற்கும் நெல்வயல் நிறத்துக்கு வந்திருந்தது.

அம்மாவுக்கு வயது 61. வீட்டில் இரண்டு கறவை மாடுகள், ஒரு சினை மாடு. அப்பா போன பிறகு அம்மாவின் உலகமே கட்டுத்தறிக்கும் பால் சொசைட்டிக்கும் நடுவேதான். பழனிக்குப் போனால்கூட சாயங்காலப் பால் கறக்கத் திரும்பி வந்துவிடுவார். நான் சென்னையில் ஐ.டி வேலை. வருடத்துக்கு ஒரு மலை ஏறுவேன். "என்னதான் இருக்குது அங்க, காசைச் செலவு பண்ணி நடக்கறதுக்கு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "நீயே வந்து பாரேன்" என்றேன். வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் அம்மா, "செரி" என்றுவிட்டார்.

இரண்டு மாதம் தினமும் விடியற்காலையில் பி.ஏ.பி வாய்க்கால் கரையில் நடந்தார். ஷூ போட்டு நடப்பதை ஊரே வேடிக்கை பார்த்ததாம். வாழ்க்கையில் முதல்முறையாக சுடிதார் வாங்கினார். மாடுகளைப் பார்த்துக்கொள்ள என் அத்தை சம்மதித்தார். 'சினை மாடு கன்று போட்டால் உடனே போன் பண்ண வேண்டும்' என்பது மட்டும்தான் நிபந்தனை.

நான் செய்த தப்பு ஒன்று உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் போட்ட திட்டத்தில் மலையடிவார கிராமத்தில் ஒரு நாள் முழுதாக ஓய்வு இருந்தது. அலுவலகத்தில் லீவு ஒரு நாள் குறைந்தது. நான் வெட்டியது அந்த ஓய்வு நாளை.

கேழ்வரகு ரொட்டியும் நாய்க்கடுகும்

டேராடூனிலிருந்து ஜீப்பில் கிளம்பி, உத்தரகாசி, பட்வாரி வழியாக ரைத்தல் கிராமத்துக்குப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆனது. கங்கோத்ரி போகும் அதே சாலைதான். பாகீரதி ஆறு கீழே கூடவே வருகிறது. பட்வாரியில் பிரிந்து மேலே ஏறினால் ரைத்தல். ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம்.

ரைத்தலில் அம்மாவுக்கு அந்நியமாக எதுவுமே தெரியவில்லை என்பதுதான் ஆச்சர்யம். இரவு தட்டில் வந்த கறுத்த ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டதும், "இது நம்ம கேவுறு" என்றார். உண்மைதான். அங்கே 'மண்டுவா' என்பது நம் கேழ்வரகு. பாயசம் மாதிரி வந்த 'ஜங்கோரா' நம் குதிரைவாலி. உருளைக்கிழங்கில் தாளித்திருந்த சின்னச் சின்ன விதைகளை எடுத்துக் காட்டி, சமையல்கட்டிலிருந்த பெண்ணிடம் சைகையில் விசாரித்தார். 'ஜக்கியா' என்றார் அவர். அது நம் ஊரில் ரோட்டோரம் களையாக முளைக்கும் நாய்க்கடுகு! நாம் பிடுங்கி எறிவதை அவர்கள் கடுகுக்குப் பதிலாகத் தாளிக்கிறார்கள். பொரிந்தால் அப்படி ஒரு மணம்.

கல்லும் மரக்கட்டையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய பல நூற்றாண்டுப் பழைய மாடி வீடு ஒன்று ஊருக்குள் இருக்கிறது. 1991 அக்டோபரில் உத்தரகாசியை உலுக்கிய பூகம்பத்திலும் அது நின்றது. அதைவிட அம்மாவை இழுத்தது, மரக்கிளைகளுக்கு நடுவே அடுக்கி வைத்திருந்த காய்ந்த புல். பனி கொட்டும் மாதங்களுக்கான தீவனம் அது. தலைக்கு மேல் ஆளுயரப் புல்கட்டைச் சுமந்துகொண்டு பெண்கள் சரிவில் இறங்கி வந்தார்கள். அதில் ஒருவரை நிறுத்தி, கட்டை ஒரு கையால் தூக்கி எடை பார்த்தார் அம்மா. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுகூட இல்லை.

மறைத்த தலைவலி

மறுநாள் காலை நடை தொடங்கியது. நாங்கள் இருவர், ஊர்க்காரரான வழிகாட்டி, பத்தொன்பது வயதில் அவருடைய தம்பி, கூடாரமும் அரிசி பருப்பும் சுமக்க ஒரு கோவேறு கழுதை.

பாதை ஓக் மரக் காட்டுக்குள் ஏறுகிறது. நடுநடுவே 'புராஸ்' மரங்கள். மார்ச், ஏப்ரலில் ரத்தச் சிவப்பாகப் பூத்துத் தள்ளும் இதுதான் உத்தரகண்டின் மாநில மரம். இதே இனத்தின் தெற்கத்திக் கிளை நம் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. காட்டுப்பூவரசு என்போம். இமயமலைக்கும் நீலகிரிக்கும் நடுவே இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் சமவெளி கிடக்க, அந்த மரம் மட்டும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது.

மதியத்துக்குள் குயி என்ற இடத்தை அடைந்து கூடாரம் அடித்தோம். சுமார் 3,000 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதைத் தாண்டி வந்து படுத்திருக்கிறோம். முந்தைய நாள் காலையில் டேராடூனில், ஏறக்குறைய தரைமட்டத்தில் இருந்தவர்கள் நாங்கள்.

இரவு எட்டு மணிக்கு எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. சாப்பாடு இறங்கவில்லை. வழிகாட்டி இருவரிடமும், "தலைவலி, குமட்டல், தலைசுற்றல் ஏதாவது?" என்று கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

எனக்கு இது ஏழாவது மலை. வாரத்தில் நான்கு நாள் ஜிம். அம்மாவைக் கவனித்துக்கொள்ள வந்தவள் நான். எனக்கா?

உண்மையில் உயரத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. காற்றழுத்தம்தான் குறைகிறது. 3,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் உள்ளே போகும். அதற்கு உடம்பு பழக நாள் வேண்டும். 2,500 மீட்டரைத் தாண்டிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் இந்த உயர நோய் வரலாம். உடற்பயிற்சி செய்தவர், செய்யாதவர் பார்த்து வருவதில்லை. சென்ற முறை வரவில்லை என்பதால் இந்த முறை வராது என்பதும் இல்லை. இன்னும் சொன்னால், வேகமாக ஏறத் தெம்பு இருக்கிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரையே எடுத்துவிடும். இத்தனையும் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

தெரிந்தும் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் படுத்தேன்.

"மூஞ்சியே செரியில்ல"

காலையில் வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. கிளம்பினோம். இரண்டு மணி நேர ஏற்றத்தில் காடு சட்டென்று நின்றுவிட்டது. கதவைத் திறந்த மாதிரி புல்வெளி. அங்கேதான் அம்மா மாட்டைத் தேடியது.

புல்வெளி அலை அலையாக மேலே எழும்பி, கடைசியில் ஒரு முகட்டில் போய் முடிகிறது. அந்த முகட்டின் மேலேயே நடந்தால் பக்காரியா உச்சி. சுமார் 12,000 அடி. வலப்பக்கம் கங்கோத்ரி பகுதியின் சிகரங்கள், நேர் எதிரே 6,316 மீட்டர் பந்தர்பூஞ்ச். பெயருக்கு அர்த்தம் குரங்கு வால். வாலில் வைத்த நெருப்பை அனுமன் இங்கே வந்துதான் அணைத்தார் என்பது ஊர்க் கதை. டென்சிங் எவரெஸ்ட் ஏறியது 1953-ல் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மூன்று வருடம் முன்பே 1950-ல் அவர் ஏறிய மலை இது.

முகட்டில் கால் வைத்துக் கால் மணி நேரம்கூட இருக்காது. என் கால்கள் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தன. பத்து அடிக்கு ஒருமுறை நின்றேன். போட்டோ எடுப்பது போல நடித்தேன்.

அம்மா திரும்பி வந்தார். என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, மாட்டுக்குக் காய்ச்சலா என்று பார்ப்பாரே, அதே மாதிரி கண்ணைப் பார்த்தார்.

"தலை வலிக்குதா?"

"லேசா..."

"ராத்திரியிலிருந்தா?"

பதில் சொல்வதற்குள் வாந்தி வந்துவிட்டது.

வழிகாட்டி விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். எனக்கு 79. அம்மாவுக்கு 90. அவர் முகம் மாறியது. "தீதி, நேற்றே சொல்லியிருந்தால் இன்று அங்கேயே தங்கியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. உச்சி கண்ணெதிரே இருந்தது. இன்னும் முக்கால் மணி நேர நடை. "மெதுவா நடந்து முடிச்சிடறேன்" என்றேன். அவர் பேசவே இல்லை. என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கீழே இறங்கும் பாதையில் போய் நின்றார்.

2024 ஜூன் தொடக்கத்தில் இதே பகுதியில், சகஸ்திர தால் போகும் மலைப்பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்தவர் அடங்கிய 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் உயிரோடு திரும்பவில்லை. அங்கே நடந்தது வேறு, புயலும் குளிரும். ஆனால் இந்த ஊர் வழிகாட்டிகள் யாரும் அதற்குப் பிறகு 'இன்னும் கொஞ்சம்தானே' என்ற பேச்சைக் காதில் வாங்குவதில்லை.

"நானும் வர்றேன், எறங்கலாம்" என்றார் அம்மா.

வேண்டாம் என்றேன். வந்ததே அவருக்காக. "தம்பி உன்னைக் கூட்டிட்டுப் போவான். நீ போம்மா."

"உன்னை இப்படி உட்டுட்டு எனக்கென்ன மலை வேண்டிக் கெடக்குது?"

வழிகாட்டிக்கு மொழி புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. தன்னைத் தொட்டுக் காட்டி, என்னைக் காட்டி, கீழே காட்டினார். தம்பியைக் காட்டி, அம்மாவைக் காட்டி, மேலே காட்டினார். பிறகு நெஞ்சில் கை வைத்து, "மாதாஜி, மே ஹூ(ம்)" என்றார். நான் இருக்கிறேன்.

அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானை இல்லாததால் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "செரி. போற வழியில தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பையனுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். முகட்டின் மேல் அந்த மஞ்சள் சுடிதார் சின்னதாகிக்கொண்டே போனதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

புல்லுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள்

இறங்க இறங்கத் தலைக்குள் இருந்த கட்டைவிரல் மெல்ல விலகியது. இந்த நோய்க்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. பேசத் தெம்பு வந்ததும், அம்மாவின் கேள்வியை வழிகாட்டியிடம் கேட்டேன். மாடுகள் எங்கே?

கோடையில் பனி உருகியதும் ரைத்தல்காரர்கள் மாடு, எருமைகளை மேலே ஓட்டி வந்துவிடுவார்களாம். 'சானி' எனப்படும் குடிசைகளில் தங்கி, மழைக்காலப் புல் முழுக்க மேய்த்து, குளிர் தொடங்குவதற்குள் இறக்கிவிடுவார்கள். இறக்குவதற்கு முன் ஒரு திருவிழா. அண்டூடி என்று பெயர். வெளியூர்க்காரர்கள் வெண்ணெய்த் திருவிழா என்கிறார்கள். மாடுகளைக் காத்துக் கொடுத்ததற்கு நன்றியாகப் பாலும் வெண்ணெயும் மோரும் மலைக்குப் படைத்துவிட்டு, மீதியை ஒருவர்மேல் ஒருவர் பூசி விளையாடுவார்கள். நடப்பது பாதோ மாத சங்கராந்தி அன்று, ஆகஸ்ட் நடுவில். நம் கணக்கில் ஆவணி முதல் தேதி.

புல்வெளியின் ஒரு சரிவில் மண் பிளந்து, ஓடை மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. அதன்மேல் பழுப்பு நிறத்தில் வலை போல எதையோ விரித்து, மூங்கில் முளை அடித்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். தென்னைநார்! தென்னை முளைக்காத ஊரில், பதினோராயிரம் அடிக்கு மேல். மண் அரிப்பைத் தடுக்க வனத்துறை போட்டது. தென்னைநார் விரிப்பு, மூங்கில், பைன் மரச் சருகு இவற்றை வைத்துச் சிறு சிறு தடுப்புகள் கட்டுகிறார்கள். நார் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் புல் வேர்விட்டுவிட்டால், நார் மட்கிப் போனாலும் கவலையில்லை.

இந்தப் புல்வெளி பார்க்கத்தான் முரட்டுத்தனம். உண்மையில் மெல்லிய தோல். வருடத்தில் சில மாதங்கள்தான் புல் வளர நேரம். மீதி நாளெல்லாம் பனிக்கு அடியில். வேர்ப்பின்னல்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரே தடத்தில் நூறு பேர் நடந்தால் புல் போகும், தடம் பள்ளமாகும், அடுத்த மழையில் பள்ளம் ஓடையாகும். கூடாரம் அடித்தால் அதன் அடியில் புல் வெந்து போகும். குப்பை தனிக்கதை. 2018 ஆகஸ்டில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம், புக்யால்களில் இரவு தங்கக் கூடாது, 200 பேருக்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது இதனால்தான். நாங்கள் காட்டுக்குள் குயியில் தங்கியதற்கும் அதுதான் காரணம். 'புல்வெளி நடுவே நட்சத்திரம் பார்த்துக்கொண்டே தூங்கலாம்' என்று யாராவது விளம்பரம் காட்டினால் யோசியுங்கள்.

கூடாரம் தடைசெய்யப்பட்டதால் ஊருக்கு வருமானம் போகவில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் போனதாம். "புல் போனால் மாடும் போகும், நீங்களும் வரமாட்டீர்கள்" என்றார். பிறகு, முன்புபோல இளைஞர்கள் மாடு மேய்க்க மேலே வருவதில்லை, தன் தம்பிக்கே டேராடூனில் ஹோட்டல் வேலைக்குப் போகத்தான் ஆசை என்றும் சொன்னார்.

படுத்திருக்கும் மாடு

மதியம் இரண்டு மணிக்கு மேல் அம்மா கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார். மூக்கு சிவந்து, உதடு வெடித்து, முகமெல்லாம் சிரிப்பு. முதல் வேலையாக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஆக்சிமீட்டர் 88 காட்டியதும்தான் உட்கார்ந்தார்.

"என்னம்மா இருந்துச்சு மேல?"

"காத்து. அப்பா... என்ன காத்து! தலைக்கு மேல ஒரு பெரிய பாறு சுத்துச்சு. சத்தமே இல்ல. அந்த வெள்ளை மலை இருக்குதே, இங்கிருந்து கோபுரமாட்டத் தெரியுது. அங்க போனா அப்படியில்ல. மாடு அசை போட்டுட்டுப் படுத்திருக்கறாப்புல இருக்குது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உங்கப்பாவும் பார்த்திருக்கலாம்."

பையனின் போனில் ஒரே ஒரு போட்டோ இருந்தது. அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. பந்தர்பூஞ்சைப் பார்த்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நிற்கிறார். எங்கள் தோட்டத்து வரப்பில் நிற்பது போலவே.

தயாரா போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். மே, ஜூன் மாதங்களும் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையும் நல்ல காலம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பனிமேல் நடக்க வேண்டும். அது வேறு அனுபவம், வேறு தயாரிப்பு. ஜூலை, ஆகஸ்டில் பூக்கள் கொள்ளை அழகு, ஆனால் போகும் சாலையில் நிலச்சரிவு சகஜம். ரைத்தலில் ஏறி பர்சு கிராமத்தில் இறங்கலாம். மொத்த நடை இருபது கிலோமீட்டர் சொச்சம். இமயமலை நடைகளில் இது எளிது என்பார்கள். எளிது என்பது பாதைக்குத்தான், உயரத்துக்கு இல்லை. ஒரு இரவாவது ரைத்தலில் கூடுதலாகத் தங்குங்கள். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம். உயரத்துக்கான மாத்திரையும் அவர் சொன்னால்தான். தலை வலித்தால் உடனே சொல்லுங்கள். ஊர்க்கார வழிகாட்டி கட்டாயம் வேண்டும், ஒருவர் இறங்க நேர்ந்தாலும் மற்றவர் தனியாகாதபடி இரண்டு பேராக இருந்தால் நல்லது.

மறுநாள் ரைத்தலுக்கு இறங்கினோம். ஊர் எல்லையில் போனுக்கு உயிர் வந்ததும் அத்தையின் மிஸ்டு கால் பதினொன்று. அம்மா பாதையிலேயே உட்கார்ந்து போன் போட்டார்.

"போட்டுருச்சா? எப்போ? கெடேரியா, காளையா?... சீம்பால் கறந்தியா? நஞ்சு சுத்தமா விழுந்துச்சா?"

கிடேரிக் கன்று. நல்ல சுகம். கால் மணி நேரம் அந்தப் பேச்சே ஓடியது. கடைசியில்தான் அத்தைக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், இமயமலை எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்.

"புல்லு நல்லாருந்துச்சு" என்றார் அம்மா.